தண்ணீர் இறங்கிவிட்டது

நேற்று மாலை வாசலில் நிறுத்தி உன் வண்டியைக் கழுவினேன். பின்சக்கரத்து மட்கார்டுக்குள் கைவிட்டுச் சுரண்டியபோது, காய்ந்த சேறு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அதன்மேல் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை எழுந்தது. பாசியும் மக்கிய நத்தை ஓடும் மீன் செதிலும் கலந்த, வெகுகாலம் நீருக்கடியில் கிடந்து வெயிலில் வெடித்த மண்ணின் வாடை. என் மனைவி உள்ளேயிருந்து, எங்கே போய் எதை மிதித்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். நான் அடுத்த பாளத்தைச் சுரண்டினேன். மேட்டூர் அணையின் அடிமண் அது. ஒரு கோடை முழுவதும் நீ அதற்காகத்தான் காத்திருந்தாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று இதற்கு முன்பும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். யார், யாருக்கு, எதன் பொருட்டு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். முதல் இரண்டும் எப்போதும் தெரிந்தே இருந்தன. எதன் பொருட்டு என்பது மட்டும் நேற்று முன்தினம் வரை தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் அடுத்தடுத்த கட்டில் கிடைத்ததைத் தவிர நமக்குள் பொதுவாக ஏதும் இருந்ததாக நினைவில்லை. நீ திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து, தண்ணீர் இல்லாத ஊர்களைத் தேடிப்போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். நான் நாமக்கல்லில் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன். ஆயினும், மே மாதம் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள் காலை என் வாசலில் உன் புல்லட்டின் சத்தம் கேட்கும். எந்த ஆண்டும் அது தவறியதில்லை. பாதையும் மாறியதில்லை. கொல்லிமலை ஏறி, முள்ளுக்குறிச்சி வழியாக நாமகிரிப்பேட்டையில் இறங்கி, சேலத்தைத் தாண்டி ஏற்காட்டில் தங்கி, மறுநாள் மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஊர்களில் சுற்றிவிட்டு வீடு திரும்புவோம். நீ ஓட்டுவாய். நான் பின்னால் உட்கார்ந்து, மெதுவாகப் போ என்பேன்.

அந்த ஊர்களில் ஒன்று உன் முன்னோருடையது. சரியாகச் சொன்னால், அந்த ஊர் தண்ணீருக்குள் இருந்தது. இருந்த ஊரின் மிச்சம்தான் கரையில் இருந்தது. அணை கட்டியபோது மேட்டுக்கு ஏறிய உன் பங்காளிகள், குலதெய்வத்தின் இடத்திலிருந்து பிடிமண் எடுத்துவந்து கரையில் புதிதாகக் கோயில் எழுப்பிக்கொண்டார்கள். பொங்கல், முடியிறக்கம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவர்கள் புதுக்கோயிலுக்கு மாற்றவில்லை. உடம்பில் கத்தி படும் காரியமென்றால், மூழ்கிய பழைய இடத்துக் கல்லிடம்தான் உத்தரவு கேட்க வேண்டும். ஒரே அளவான இரண்டு காகிதங்களில், ஒன்றில் வெள்ளை அரளியும் மற்றொன்றில் சிவப்பு அரளியும் மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் கத்தி வைக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது.

பெரும்பாலான கோடைகளில் அணை நீர் இறங்கி அந்தக் கல் வெளியே வந்துவிடும். ஆகவே உங்கள் பங்காளி வீடுகளில் குடலிறக்கமானாலும் கண்புரையானாலும் அறுவை சிகிச்சை வைகாசியில்தான். எங்கள் ஆட்களுக்கு வியாதிகூடத் தண்ணீர் அளவு பார்த்துத்தான் வரும் என்று நீ சொல்வாய். நான் அதை நம் பயணங்களின் வேடிக்கைகளுள் ஒன்றாகவே வைத்திருந்தேன், அந்த ஆண்டு வரை.

அந்த ஆண்டு மாசி மாதம், விடாத இருமலுக்குப் படம் எடுக்கப்போன இடத்தில், உன் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய் புடைத்திருப்பது தெரிந்தது. கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. அது என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கலாம். வெடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்கு முன் அறுத்துச் சரிசெய்ய வேண்டும். அறுவையிலும் ஆபத்து உண்டு, ஆனால் சும்மா இருப்பதைவிடக் குறைவு. பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார். சித்திரை தொடக்கத்தில் நாளும் குறித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "டயரு பொடைச்சிருக்குதுங்கறாரு, அவ்வளவுதான் மாப்ளே. பொடைச்ச டயரோட வடக்க போயிட்டு வந்த டிரைவருக எத்தனை பேரு."

குறித்த நாள் வந்தபோது நீ போகவில்லை. தண்ணீர் இறங்கவில்லை. முந்தைய ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்ததால், கோடை பாதி கழிந்தும் அணையில் நீர் நிமிர்ந்தே நின்றது. நீ மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி நாளைத் தள்ளி வைத்தாய். காலையில் செய்தித்தாள் வந்ததும், மற்றவர்கள் பங்குச்சந்தை பார்ப்பதுபோல, நீ அணையின் நீர்மட்டம் பார்த்தாய்.

உன் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தது அப்போதுதான். மருத்துவமனைக் காகிதங்களைப் பையோடு கொண்டுவந்திருந்தது. கட்சிக்காரர்கள் எழுந்து போகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்குச் சாமி மேல கோவமில்லீங்கண்ணா. தண்ணி எறங்கலைன்னா அதுக்கு நானென்னங்க பண்ணட்டும்? நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாருங்க," என்றது. சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. என்னால் நிறைவேற்ற முடியுமா என்று தெரியாத எதற்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆக, அந்த மே மாதப் பயணத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. மலையும் ஏரியும் பார்க்கப் போவதாக இருவரும் பேசிக்கொண்டோம். உன்னைச் சம்மதிக்க வைத்துத் திரும்ப வேண்டும் என்பது என் எண்ணம். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது உன் எண்ணம். காரில் போகலாம் என்று நான் சொன்னதற்கு நீ மறுத்தாய். மருத்துவர் வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் சொன்னார், பின்னால் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை என்று எனக்கே சட்ட விளக்கம் தந்தாய். மருத்துவரிடம் கேட்டேன். மெதுவாகப் போவதானால் தடையில்லை என்றார். அப்படியாக முதன்முறையாக நான் முன்னாலும் நீ பின்னாலும் உட்கார்ந்தோம்.

காரவள்ளியில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் உன் கேலியும் தொடங்கியது. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, வேகம் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திருப்பினேன். உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு குழியில் விடக்கூட எனக்குத் துணிவில்லை.

"ஏன்டா வக்கீலு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு மலைக்கே சம்மன் அனுப்பறயா?"

எதிரே இறங்கி வந்த பேருந்து ஓட்டுநர் நமக்காக ஒதுங்கி நின்றார். நீ அவருக்குக் கும்பிடு போட்டு, புதுசா ஓட்டறாருங்க, மன்னிச்சுக்கோங்க என்றாய். மலை உச்சியில் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது, கீழே நாமக்கல் சமவெளி முழுவதும் வெயிலில் விரிந்து கிடந்தது. கோழிப்பண்ணைக் கொட்டகைகள் சுண்ணாம்புக் கோடுகளாகத் தெரிந்தன. மலைமேல் சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் பலாப்பழம் வாங்கிப் பிளக்கச் சொல்லி, அங்கேயே நின்று தின்றோம். என் முதல் வாதத்தை அங்கே வைத்தேன். மருத்துவர் சொன்ன ஆபத்தையும், தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொன்னேன். நீ கடைசிவரை கேட்டாய். கேட்டுவிட்டு, கொட்டையை எடுத்த ஒரு சுளையை என் கையில் வைத்து, தின்னுடா என்றாய்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிகளின் முன்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் மஞ்சள் தூசி. நீ பலமாகத் தும்மினாய். நான் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு கணம் எதுவும் இல்லை. நீயும் உன் நெஞ்சுக்குள் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தும்முனதுக்கெல்லாம் வாய்தா வாங்குனா எப்படா ஊடு போய்ச் சேர்றது," என்றாய். இருவரும் சிரித்தோம். பிறகு ராசிபுரம் தாண்டும்வரை உன் கை என் தோளைவிட்டு அகலவில்லை. கேலி செய்து மறைத்துக்கொண்டிருந்த பயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கற்பூரமும் ஊதுபத்தியும் சாமிக்குச் சாத்த ஒரு துண்டும் வாங்கினாய். பூவை உன் மனைவி வீட்டு வேலியிலிருந்து பறித்து, மடித்து, நூல் சுற்றிக் கொடுத்திருந்தது. இரண்டு பொட்டலங்களும் உன் சட்டைப் பையில் இருந்தன. அறுவைக்கு உடனே போக வேண்டும் என்று என்னிடம் மன்றாடிய அதே கைதான் அவற்றை மடித்தது.

ஏற்காட்டில் ஏரிக்கரைப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டாவது வாதத்தை வைத்தேன். அது என் தொழிலின் வாதம். பிடிமண் எடுத்துவந்து நிறுவிய பிறகு, பழைய இடத்தின் அதிகாரம் முழுவதும் புதிய இடத்துக்கு மாறிவிடுகிறது. ஒரு காரியத்தை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ள இடமில்லை. ஆகவே கரைக்கோயிலில் பூக் கேட்டாலே செல்லும். நீ ஏரியில் படகு மிதிக்கும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே, "மண்ணு வந்துச்சு. கல்லு வரலீல்ல," என்றாய்.

உனக்கு இதில் உண்மையிலேயே நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

நீ கேலி செய்யாமல் சொன்னாய். "நம்பிக்கையான்னா தெரியலடா மாப்ளே. எங்கப்பன் கேட்டுட்டுத்தான் படுத்தாரு. எங்க சித்தப்பன் கேட்டுட்டுத்தான் படுத்தாரு. நான் ஒருத்தன் கேக்காமப் போயி அந்த மேசை மேல படுத்தன்னு வெய்யி. மயக்க மருந்து ஏர்ற வரைக்கும் அதையேதான நெனச்சுட்டுக் கெடப்பேன்? கேக்காம வந்துட்டமே, கேக்காம வந்துட்டமேன்னு. அப்படிப் படுக்க என்னால ஆகாதுடா."

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வாதம் சரியென்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி வராது.

மறுநாள் மலையிறங்கி, ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் சேர்ந்தோம். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்ததிலிருந்து நீ என் தோளில் கைவைத்து எழுந்து எழுந்து பார்த்தாய். கொளத்தூரைத் தாண்டியதும் தெரிந்துவிட்டது. வேறு ஆண்டுகளில் மாடு மேயும் தரையாகக் கிடக்கும் இடமெல்லாம் தண்ணீர். சாலையோரப் புளியமரத்தின் வேர்வரை அலை வந்து போயிற்று. பண்ணவாடிப் பக்கம் நீர் இறங்கினால் முதலில் தலைகாட்டும், மூழ்கிய கோயிலின் நந்தியைப் பற்றிக் கேட்டோம். அது எங்கோ அடியில் இருந்தது. அவ்வளவு அழகாக அந்த நீர்த்தேக்கத்தை நான் பார்த்ததில்லை. அக்கரை மலைகள் முழுவதும் தலைகீழாகத் தண்ணீரில் நின்றன. அதைப் பார்க்கவே மனிதர்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள். நாம் அதன் முன்னால் செய்வதறியாமல் நின்றோம்.

உன் ஊரின் டீக்கடையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், தண்ணீர் எப்போது இறங்கும் என்று கேட்டாய். அவர் கையை நிறுத்திவிட்டு உன்னை ஏறிட்டார். "ஏனுங்க சாமி, எதுக்குங்க எறங்கோணும்? இப்படியே நின்னா ஆடிக்குள்ள ரொம்பீரும். கீழ்நாட்டுக்காரங்க நல்லாருப்பாங்க, நமக்கும் மீனு கெடைக்கும்." நீ, சும்மா கேட்டேனுங்க என்று டீயைக் குடித்தாய். கெட்ட வார்த்தை பேசி அகப்பட்டவனைப்போல உன் முகம் சிறுத்துவிட்டது.

மூன்றாவது வாதம் எனக்கு அங்கே தோன்றியது. பரிசலில் போய், கல் மூழ்கியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே நின்று கேட்கலாம். பழைய இடமும் அதுதான், பழைய கல்லும் அதுதான். இடையில் இருப்பது தண்ணீர் மட்டும். நீ அதை மறுக்கவில்லை. உன் முகம் தெளிந்தது. அந்த அரை மணி நேரம், நான் இந்த வழக்கை வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

பரிசல்காரர் உன் பங்காளி முறை. கரையிலிருந்த ஒரு பனையையும் அக்கரைக் குன்றையும் நேர்வைத்துப் பார்த்து, துடுப்பை நிறுத்தி, நீண்ட மூங்கிலை உள்ளே இறக்கினார். டக்கென்று கல்லில் முட்டும் சத்தம் மூங்கில் வழியாக மேலே வந்தது. "இங்கதானுங்க இருக்கறாரு," என்றார்.

பரிசல் மெல்லச் சுற்றியது. நீ துண்டைத் தண்ணீரில் விட்டாய். அது மிதந்து, நனைந்து, கருத்து, கீழே போயிற்று. கற்பூரத்தை ஒரு கொட்டாங்குச்சியில் ஏற்றினாய். சட்டைப் பையிலிருந்து பொட்டலங்களை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடினாய். நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வர வேண்டும் என்று, எதையும் எவரிடமும் கேட்டுப் பழகாத நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கண்ணைத் திறந்தாய். குனிந்து உன் பாதங்களைப் பார்த்தாய். பரிசலின் தோலுக்கு அடியில் தண்ணீர், அதற்கு அடியில் அந்தக் கல்.

"சாமி தலைக்கு மேல காலை வெச்சுக்கிட்டுக் குந்தியிருக்கறேன்டா. இப்படியே எப்படிக் கேக்கறது?"

பரிசல்காரர் தலையசைத்தார். ஆமாங்க, அது மொறையில்லீங்க என்று மெதுவாகச் சொன்னார். நானும் குனிந்து பார்த்தேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்கு மறுப்பு இல்லை. பரிசல் கரைக்குத் திரும்பியது.

புளியமரத்தடியில் வண்டியை எடுக்கும்போது நான் பொறுமை இழந்துவிட்டேன். அப்படியானால் தண்ணீர் இறங்க வேண்டுமென்றாவது வேண்டிக்கொள் என்று சத்தமாகவே சொன்னேன். நீ சுற்றிலும் பார்த்தாய், யாருக்காவது கேட்டுவிட்டதா என்று. பிறகு என் கையைப் பிடித்து அமர்த்திச் சொன்னாய்:

"ஊரூராப் போயி, தண்ணி வரோணும் சாமீன்னு தேங்கா ஒடைச்சுத்தான்டா நான் சோறு தின்னேன். இந்த வாயில, தண்ணி போகோணும்னு சொல்லச் சொல்றயா?"

பொட்டலங்கள் உன் சட்டையில் வியர்வை பட்டு நனையத் தொடங்கியிருந்தன. நீ அவற்றை எடுத்து என் கைப்பையின் உள்ளறையில் போட்டு, ஜிப்பை இழுத்தாய். "நீயே வெச்சுக்கோ. உன்ற பையில ஒண்ணும் தொலையாது. எறங்குனதும் எனக்குச் சொல்லு, வாரேன்."

அந்த ஆண்டு தண்ணீர் இறங்கவில்லை. வழக்கமான நாளுக்கு முன்பே பாசனத்துக்கு அணையைத் திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும், இனி மட்டம் குறையும் என்று நீ எனக்குத் தொலைபேசியில் சொன்னாய். உன் குரலில் பல வாரங்களுக்குப் பிறகு ஓர் உயிர் இருந்தது. ஆனால் மேலே கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. திறந்துவிட்டதற்கு மேல் வந்து சேர்ந்தது. மருத்துவமனையில் நாளை மறுபடியும் தள்ளி வைத்தாய். ஆடியில் அணை நிரம்பியது. ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் ஒரு காலை வேளையில், ரிக் வண்டி நிறுத்தும் உன் கொட்டகையில், ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தவன் வாக்கியத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டாயாம். நான் நீதிமன்றத்திலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மேட்டூர் மதகுகள் திறந்து நீர் பாய்வதையும், மக்கள் பூத்தூவிக் காவிரியை வரவேற்பதையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓடிப்போய் அதை அணைத்தார்கள்.

பவானி கூடுதுறையில் உன் சாம்பலைக் கரைத்தோம். அவ்வளவு வெள்ளம். கையிலிருந்து விட்ட கணத்திலேயே இல்லாமல் போயிற்று. படிக்கட்டில் நின்ற எல்லோரும், இந்த வருடம் காவிரி எப்படிப் போகிறது பார் என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மகிழ்ந்தது நியாயம்தான்.

பின்னர் வந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். யார்மீது குற்றம் என்று தேடினேன். மருத்துவர் சொல்ல வேண்டியதை முறையாகச் சொன்னார். உன் மனைவி கெஞ்சியது. நான் எனக்குத் தெரிந்த வாதங்களையெல்லாம் வைத்தேன். பரிசல்காரர் கேட்ட இடத்தில் நிறுத்தினார். மழை, பெய்ய வேண்டிய இடத்தில் பெய்தது. அந்தத் தெய்வத்தைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. அதனிடம் எவரும் எதையும் கேட்கவே இல்லையே. எதிர்வாதி இல்லாத வழக்கை எந்த மன்றமும் கோப்பில் எடுத்துக்கொள்ளாது. என்னாலும் அதைத் தாக்கல் செய்யவும் முடியவில்லை, திரும்பப் பெறவும் முடியவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். தண்ணீர் இறங்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்வதற்கும் எனக்கு ஆதாரமில்லை. சிவப்பு வந்திருந்தால் நீ படுத்திருக்கவே மாட்டாய். வெள்ளை வந்து நீ படுத்திருந்தாலும், மருத்துவர் எதற்கும் உறுதி கூறவில்லை. எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் அதன் முடிவில் நீ இருப்பதாகக் காட்ட என்னால் இயலவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு, அப்படிச் செய்திருந்தால் என்ற ஒரு வாசலாவது திறந்திருக்குமாம். எனக்கு அதுவும் அடைபட்டுவிட்டது.

வருடம் திரும்பியதும் உன் மனைவி புல்லட்டை என் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. விற்க மனம் வரவில்லை, கொட்டகையில் பார்க்கவும் முடியவில்லை என்றது. நான் அதை வாரம் ஒருமுறை உதைத்துக் கிளப்பி, சிறிதுநேரம் ஓடவிட்டு, நிறுத்திவிடுவேன். கோடை விடுமுறை வந்தபோது எங்கும் போகவில்லை. அந்த ஆண்டும் அணையில் தண்ணீர் இருந்தது.

இந்த ஆண்டு மழை ஏமாற்றியது. கிணறுகள் வற்றின. திருச்செங்கோட்டு ரிக்குகளெல்லாம் ஓயாமல் ஓடுகின்றன. அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதைச் செய்தித்தாளில் பார்த்தேன். நந்தி வெளியே வந்துவிட்டதென்று படமும் போட்டிருந்தார்கள். ஒரு வேலையாக உன் வீட்டுக்குப் போனபோது அதே பக்கம் நாற்காலியில் கிடந்தது. உன் மனைவி அதை எடுத்து, படம் உள்பக்கம் போகும்படி மடித்து, அலமாரிமேல் வைத்துவிட்டுக் காப்பி கொண்டுவரப் போயிற்று.

விடுமுறை விட்டதும் உன் வண்டியில் தனியே கிளம்பினேன். அதே பாதையில் போனேன். காரவள்ளி வளைவுகளில் வழக்கம்போல ஹாரன் அடித்தேன். பின்னாலிருந்து எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து வளைவுகளுக்குப் பிறகு ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டேன். சோளக்காட்டில் பலாப்பழம் வாங்கவில்லை. ஏற்காட்டில் நாம் உட்கார்ந்த பலகையில் ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலைகளும் ஏரியும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றை எதற்காகப் பார்த்தோம் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

உன் ஊரில், புளியமரத்திலிருந்து தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. வண்டியை அணையின் அடித்தரையிலேயே இறக்கி ஓட்டினேன். வெடித்த களிமண், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தது. அந்தப் பனையையும் குன்றையும் நேர்வைத்துப் போனேன். கல் அங்கே இருந்தது. இடுப்பளவு உயரம். எத்தனையோ ஆண்டுகள் நீர் அரைத்ததில் முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. அதன் அடியில் சேற்றோடு சேறாக ஒரு துணி ஒட்டிக் கிடந்தது. நீ விட்ட துண்டாக இருக்கலாம். வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

நான் பையின் உள்ளறையைத் திறந்தேன். பொட்டலங்கள் இரண்டும் அப்படியே இருந்தன, நூல்கூட அவிழாமல். எதில் எது என்று எனக்குத் தெரியாது. மனுதாரர் இறந்துவிட்டால், அவரோடு முடிந்துபோகும் கோரிக்கைகள் சில உண்டு. வாரிசுகூட அவற்றைத் தொடர முடியாது. நான் வாரிசும் அல்லன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அருகே வந்து நின்றார். பொட்டலங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பூக் கேக்க வந்தீங்களா சாமி?"

"நான் இல்லீங்க. என்ற சேக்காளி கேக்கோணுமுங்க. அவரு வரலீங்க," என்றேன். பொய் சொல்லவில்லை.

"ஒடம்புக்கு முடியலீங்களாட்ட இருக்குது, பாவம்," என்றார் அவர். ஆடுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடு சொன்னார்: "கல்லு இப்படி நல்லா வெளிய வந்தே ரண்டு மூணு வருசமாச்சுங்க. ஆடி பொறந்தா மறுக்காத் தண்ணி வந்தாலும் வந்துரும். அதுக்குள்ளாற அவரை வரச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க," என்றேன்.

நிறைவேற்ற முடியாத எதற்கும் வாக்குக் கொடுக்காதவன், அந்த ஒரு சொல்லை வாய் தவறி விட்டுவிட்டேன். வண்டிக்கு வரும்வரை அது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. புளியமரத்தடியில் வந்து நின்றபோதுதான், ‘எறங்குனதும் எனக்குச் சொல்லு’ என்று நீ என்னிடம் கடைசியாக ஒப்படைத்த வேலையும் அதுவேதான் என்பது நினைவுக்கு வந்தது. பொட்டலங்களைப் பையில் திரும்பப் போட்டு ஜிப்பை இழுத்தேன். விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும் அவை என்னோடு வரும். மறுநாளும் வரும்.

இனி, இம்மடல் எதன் பொருட்டு என்பதைச் சொல்கிறேன். நீ ஒப்படைத்தபடியும், அந்த அம்மாளுக்குத் தந்த வாக்கின்படியும், உரிய காலத்துக்குள், இதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

தண்ணீர் இறங்கிவிட்டது. கல் வெளியே வந்துவிட்டது. ஆடிவரை இருக்குமாம்.